துளசிக் குச்சியா, செம்புக் கம்பியா? மும்பை மழையைத் தாங்கும் குட்டி மரங்கள்

செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதை 2010-இல் மூடப்பட்டது. அந்தப் பாதையில் இருந்த மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷனின் மாடலை, மும்பை மாட்டுங்கா வீட்டில் நாலடிக்கு இரண்டடிப் பலகையில், 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன். கட்டடமும் தண்டவாளமும் ஒரே வருஷத்தில் முடிந்துவிட்டன. மர வேலை மட்டும் நாலு வருஷமாக நடக்கிறது.

மரத்தைக் கடையில் வாங்கலாம், காய்ந்த குச்சியில் செய்யலாம், கம்பியில் முறுக்கலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது நான் கம்பிப் பக்கம்.

கடை மரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டட மாடல் செய்பவர்கள் வாங்கும் பிளாஸ்டிக் மரங்கள் பாக்கெட்டில் கிடைக்கும். எல்லாம் ஒரே உருண்டை, ஒரே பச்சை. பின்னால் மலைச்சரிவை நிரப்ப வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிற வேப்பமரத்துக்கு அது ஆகாது.

குச்சியில் நான் பிடித்தது துளசி. மூன்று நான்கு வருஷம் தொட்டியில் வளர்ந்து காய்ந்துபோன துளசிச் செடியை வேரோடு எடுத்துக் கழுவிப் பாருங்கள். அடியில் விரல் தடிமனுக்கு ஒரு கட்டை, அதில் வெடித்த பட்டை, கீழே மண்ணைப் பற்றிய வேர். கிளைக்குள் கிளையாகப் பிரிந்து மேலே போகிற விதம் அப்படியே ஒரு கிழட்டுப் புளியமரம். எந்தக் கையும் அந்தக் கோணலைக் கொண்டுவர முடியாது. துளசியை இதற்கு எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "குப்பையில போடக்கூடாதுன்னுதான் சொல்வாங்க, மரமா நின்னா நல்லதுதானே" என்றார். இருபது நிமிஷத்தில் ஒரு மரம் தயார். முதல் வருஷம் 11 மரம் நட்டேன்.

ஆனால் ஜூன் வந்தது. மும்பையில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை காற்றே ஈரம்தான். துவைத்த துணி மூன்று நாள் காயாது, அப்பளம் டப்பாவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் நமத்துப்போகும். பீரோ மேல் துணி போட்டு மூடி வைத்திருந்த பலகையை ஆகஸ்டில் இறக்கினேன். கிளை பிரியும் கவட்டைகளில் எல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. இலைத்தூளை ஒட்டிய வெள்ளைப் பசை இளகி, பிளாட்பாரத்தில் பச்சைக் குவியலாகக் கொட்டிக்கிடந்தது. அம்மாவுக்கு என்னைவிட வருத்தம்.

அடுத்த வருஷம் கிளிசரினில் ஊறவைத்தேன், ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர். குச்சி முறியாமல் வளைந்து கொடுத்தது உண்மைதான். ஆனால் கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் பொருள். ஜூலையில் மரங்களுக்கு வியர்த்தது, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. மூன்றாவது வருஷம் மே மாத வெயிலில் மொட்டை மாடியில் ஒரு வாரம் காயவைத்து வார்னிஷ் அடித்தேன். பூஞ்சை வரவில்லை. ஆனால் அக்டோபரில் இரண்டு மரங்களின் அடியில் மாவு மாதிரி தூள் கிடந்தது. கட்டை உளுத்துக்கொண்டிருந்தது. வார்னிஷ் வெளியே மூடிவிட்டது, பூச்சி முன்பே உள்ளே இருந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் என் அனுபவம் இந்த மூன்று முறைகளோடு சரி. பாலியூரிதேன் வார்னிஷில் குச்சியை முழுக்க முக்கியெடுத்த நண்பர் ஒருவர், தன் மரங்கள் நன்றாக நிற்கின்றன என்கிறார். நான் அதைச் செய்து பார்க்கவில்லை. டெல்லி மாதிரி வருஷத்தில் முக்கால்வாசி காற்று உலர்ந்திருக்கும் ஊரில் வீடு என்றால் நான் துளசிக்கே பேசியிருப்பேன்.

இனி கம்பி. முதலில் மலிவு என்று இரும்புக் கட்டுக்கம்பியில் முறுக்கினேன். கடல் காற்றில் அது துருப்பிடித்து, மேலே பூசிய பட்டை வழியே செம்மண் நிறத்தில் கறை கசிந்தது. அதனால் செம்பு. மும்பையின் எலக்ட்ரிக் சாமான் சந்தையான லோஹார் சாலில் வயர் வாங்கலாம், வீட்டு வயரிங் மாற்றும் எலக்ட்ரீஷியனிடம் பழைய துண்டு கேட்டாலும் கொடுப்பார். நான் எடுத்த ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயருக்குள் 0.3 மி.மீ. இழைகள் 22 இருந்தன. மூன்று துண்டு சேர்த்தால் 66 இழை. ஒரு வேப்பமரத்துக்கு இது போதும். 15 மீட்டர் மரம் இந்த அளவில் 17 செ.மீ. வரும்.

அடியில் இரண்டு செ.மீ. வேருக்கு விட்டுவிட்டு, தண்டை முறுக்க வேண்டும். பிறகு இழைகளை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றையும் முறுக்கி, அதை இரண்டாக்கி, மறுபடி இரண்டாக்கி, நுனியில் ஒற்றை இழை வரும்வரை போக வேண்டும். இங்கேதான் கம்பி குச்சியை முந்துகிறது. துளசியின் நுனி ஒரு மி.மீ. இருந்தால், நிஜத்தில் அது கிட்டத்தட்ட 9 செ.மீ. கிளை. செம்பு இழை இரண்டரை செ.மீ. கொப்பு.

முறுக்கியதும் முதல் வேலை பிரைமர், அதாவது பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு. வெறும் செம்பில் வெள்ளைப் பசை பட்டால் பச்சையாகக் களிம்பேறும். அப்புறம் சுவருக்குப் பூசும் பட்டியில் (wall putty) பசை கலந்து தண்டில் தடவி, காய்வதற்குள் ஊசியால் கீறினால் பட்டை. நிறம் சாம்பல்தான். மரத்தண்டு என்றதும் கை காப்பிப்பொடி நிறத்துக்குப் போகும், போக விடாதீர்கள். இலைக்கு சோபா பஞ்சைப் பழைய மிக்ஸி ஜாரில் தண்ணீரோடு அரைத்து, அக்ரிலிக் பெயின்டில் இரண்டு மூன்று பச்சைகளாகப் பிசறிக் காயவைக்கிறேன். ஒட்டுவதற்குத் தண்ணீரில் இளகாத மரப்பசை.

ஒரு மரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். முதல் ஐந்து மரங்கள் துடைப்பத்தைத் தலைகீழாக நட்ட மாதிரிதான் வந்தன. கோணல் தானாக வராது, பார்த்துக் கற்க வேண்டும். நான் ஞாயிறு காலைகளில் மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் நின்று, அடிமரம் எந்த உயரத்தில் பிரிகிறது, கிளை எங்கே தொங்கி எங்கே நிமிர்கிறது என்று வரைந்துகொண்டு வருவேன்.

பராமரிப்பு இவ்வளவுதான்: அக்டோபரில் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுவது, பலகையை ஏற்றி இறக்கும்போது வளைந்த கிளையை விரலால் நிமிர்த்துவது. என் செம்பு மரங்களில் மூத்தது இரண்டு மழைக்காலம் கண்டுவிட்டது. பஞ்சு இன்னும் உதிரவில்லை. பத்து வருஷத்தில் அது பொடியலாம், அப்போது இலையை மட்டும் உரித்துப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். எலும்பு அப்படியே இருக்கும்.

துளசியை முழுக்க விடவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இலையில்லாத பட்டமரம் ஒன்று துளசிதான். அது உளுத்தால் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகுவேன்.

இப்போது ஸ்டேஷன் வாசலுக்கு ஆலமரம் முறுக்கிக்கொண்டிருக்கிறேன். பத்துத் துண்டு வயர், 220 இழை, அடிமரத்தின் பருமனுக்குக் காகித நாடா. விழுதுக்குத் தனியாக எதையும் ஒட்டவில்லை. கிளையிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கீழே இழுத்துவிட்டால் அதுவே விழுது. இதுவரை ஒன்பது தரை தொட்டிருக்கின்றன.