16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்: யூனிட் கணக்குப் பார்ப்பவர்களுக்கு

கோடை வந்தால் எங்கள் வீட்டு ஈ.பி. ரீடிங் 500 யூனிட்டை உரசிக்கொண்டு நிற்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான சலுகையும் போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் அந்த நூறு யூனிட் 225 ரூபாயிலிருந்து 450 ஆனது. எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கத்தான் சுவர் பாயிண்டுக்கும் சாதனத்துக்கும் நடுவே மாட்டி யூனிட் காட்டும் இந்த ஸ்மார்ட் பிளக்கை வாங்கினேன்.

செல்போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யலாம் என்பதைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு முக்கியம் ஆப்பில் ஓடும் வாட் கணக்குதான். 15 லிட்டர் கீசரைப் போட்டதும் 2000 வாட்டுக்குப் போகிறது. கால் மணி நேரம் ஓடினால் அரை யூனிட். ஆளுக்கொரு நேரம் குளித்தால், ஆறிய தண்ணீரையே அது திரும்பத் திரும்பச் சுடவைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, காலையில் எல்லாரும் அடுத்தடுத்துக் குளிக்கும்படி டைமர் வைக்கச் சொன்னார். ஏசியை 24க்குக் கீழே இறக்கினால் என்ன ஆகிறது என்று அப்பாவிடம் வாதாடவும் வேண்டியிருக்கவில்லை, ஆப்பைக் காட்டினேன். ஏசியை மட்டும் ரிமோட்டில் அணைத்த பிறகே பிளக்கை அணையுங்கள்.

விலை குறைவு என்று 10 ஆம்பியர் பிளக்கைக் கீசருக்கு மாட்டாதீர்கள். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். தினமும் விளிம்பில் ஓடினால் பிளக் சூடேறும். அப்புறம், கரண்ட் போய் வந்தால் பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஆப்பில் ஒரு அமைப்பு உண்டு. கீசருக்கு அதை ‘ஆஃப்’ என்று வைத்தே ஆகவேண்டும். யாரும் இல்லாத வீட்டில் கீசர் தானாக ஓடக் கூடாது.

குறைகளும் உண்டு. உடம்பு பெரிது, பக்கத்து சுவிட்சை மறைக்கிறது. வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் இணைகிறது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் நேராக வயர் இழுத்த தண்ணீர் மோட்டாரை இதில் அளக்க வழியில்லை, எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

2023இல் மத்திய அரசு திருத்திய விதிப்படி, ஸ்மார்ட் மீட்டர் (எந்த நேரத்தில் எவ்வளவு யூனிட் என்று பதியும் மீட்டர்) வைத்த வீடுகளுக்கு நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும். வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும். அது நடைமுறைக்கு வரும் இடங்களில் வாஷிங் மெஷினைப் பகலுக்கு மாற்ற இந்த டைமர் கைகொடுக்கும்.

எல்லா பாயிண்டுக்கும் வாங்க வேண்டாம். ஒன்றே போதும், வாரத்துக்கு ஒரு சாதனமாக மாற்றி மாற்றி மாட்டி அளந்துகொள்ளுங்கள்.