130 மி.மீ. நியூட்டோனியனும் ஈக்யூ-2 மவுண்டும்: நம் அட்சரேகையில் நீண்டகால அனுபவம்

130 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) விலை இறங்கியிருக்கிறதே, ஈக்யூ-2 மவுண்டோடு (குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் ஒரு வரியில் அடங்காது.

130 மி.மீ. கண்ணாடி, 900 மி.மீ. குவியத்தூரம், 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 36 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸில் 90 மடங்கு. இதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. குழாய் அருமையானது. காற்று அசையாத இரவில் வியாழனின் இரு பட்டைகளும் கோடு போட்டதுபோல் தெரியும். என் கோபமெல்லாம் குழாயைத் தாங்கும் மவுண்ட் மீதுதான்.

ஈக்யூ-2 ஓர் ஈக்விடோரியல் மவுண்ட், அதாவது வானம் சுழலும் போக்கிலேயே குழாயைத் திருப்புவது. அதன் ஓர் அச்சு வான துருவத்தை (வானம் சுற்றுவதுபோல் தோன்றும் மையப்புள்ளி) நோக்கி நிற்க வேண்டும். துருவத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 டிகிரி, திருச்சியில் 11, மதுரையில் 10 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது அச்சு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். கையேட்டின் படங்களில் அச்சு 40, 50 டிகிரிக்கு நிமிர்ந்து நிற்கிறது. அங்கே எதிர் எடைத் தண்டு (குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எடைகள் மாட்டிய கம்பி) முக்காலியை விட்டு விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே அது கிட்டத்தட்ட நேர்கீழே தொங்குகிறது. கிழக்கே இப்போதுதான் உதித்த பொருளையோ மேற்கே மறையப்போகும் பொருளையோ பார்க்கத் திருப்பினால், எடை நேராக வடக்குக் காலில் போய் இடிக்கும். 2024 அக்டோபரில் சுசின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளி தெரிந்தது சூரியன் மறைந்தபின் மேற்கே, தாழ்வாகத்தான். சரியாக இந்த மவுண்ட் முட்டிக்கொள்ளும் திசை!

இதற்கு வழி உண்டு. முக்காலியின் ஒரு கால் வடக்கே இருக்கும்படி வைக்கச் சொல்கிறது கையேடு. அதைத் திருப்பி, இரண்டு கால்கள் வடக்கிலும் ஒன்று தெற்கிலும் வருமாறு வையுங்கள். தலைப்பகுதியின் அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்தினால் தலையைத் தனியாகச் சுழற்றி வடக்கு நோக்கவைக்கலாம். எடை இரு கால்களுக்கும் நடுவில் இறங்கிப் போகும். ஆனால் குழாயின் பாரம் வடக்குப் பக்கமாகத் துருத்தி நிற்பதால், இந்த அமைப்பில் முன்னே கவிழும் ஆபத்து கூடுகிறது. கால்களை முழுதாக விரித்து, தெற்குக் காலருகே ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிடுங்கள். எடைகளையும் தண்டின் நுனியில் வைக்காமல், இன்னொன்று கூடுதலாகப் போட்டு மேலே தள்ளி வைத்துச் சமன் செய்தால் இடிப்பது இன்னும் குறையும்.

உச்சியருகே இருப்பதைப் பார்க்கும்போது முட்டுவது குழாயின் அடிப்பாகம். நீளமான குழாய் ஆயிற்றே. பொருள் தெற்கு–வடக்குக் கோட்டைத் தாண்டியதும் குழாயை மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றியபின் ஐபீஸ் எக்குத்தப்பான இடத்தில் போய் நிற்கும். குழாயைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகளை லேசாகத் தளர்த்திக் குழாயை உருட்டிக்கொள்ளலாம். அப்போது குழாய் சரியாமலிருக்க, மேல் வளையத்துக்கு மேலே குழாயைச் சுற்றி ஒரு பெரிய ஹோஸ் கிளாம்ப் மாட்டுங்கள். தகடு நசுங்காத அளவுக்கு இறுக்கினால் போதும்.

அட்சரேகைத் திருகு தனி வேதனை. அச்சு இவ்வளவு தாழ்ந்திருக்கும்போது மொத்தப் பாரமும் ஒரே போல்ட்டின் மேல் விழுகிறது. குழாயும் எடையும் மேலே இருக்கும்போதே அதைத் திருகினால் போல்ட் வளையும், மரையும் போகும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கைபேசியின் சாய்வுமானியை அச்சின் மேல் வைத்துக் கோணத்தைச் சரிசெய்து பூட்டுங்கள். மவுண்டின் பக்கவாட்டு அளவுகோல் இரண்டு மூன்று டிகிரி பிசகிக் காட்டுகிறது.

துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்பார்கள். 11 டிகிரி உயரத்தில் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும், அல்லது அடிவானப் புகைமூட்டத்தில் கரைந்திருக்கும். திசைகாட்டி போதும், தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். ஆனால் அதை இரும்பு எடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். பகலில் தூக்குக்குண்டு நூலின் நிழலை, சூரியன் உச்சிவட்டத்தை (தலைக்கு மேலாகச் செல்லும் அந்தத் தெற்கு–வடக்குக் கோடு) கடக்கும் நிமிடத்தில் தரையில் கோடாகக் குறித்துக்கொள்வது இன்னும் துல்லியம். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் பூஜ்ஜிய நிழல் நாளையொட்டி மட்டும் இது உதவாது. அப்போது நிழலே விழாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: தவறு ஈக்விடோரியல் முறையில் இல்லை. காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஈக்விடோரியல்தான். அதன் துருவ அச்சை இரு முனையிலும் தாங்கி, மேல்முனையைக் குதிரைலாட வடிவில் செய்திருக்கிறார்கள். தாழ்ந்த அட்சரேகைக்கு அதுதான் பொருத்தம். கடைகளில் விற்கும் சிறு மவுண்டுகளைச் செய்பவர்கள் நம்மை நினைத்துச் செய்யவில்லை, அவ்வளவுதான். அதே விலையைக் கொடுத்து வாங்கும் நமக்கு இது எரிச்சல் தரத்தான் செய்யும்.

இத்தனை எரிச்சலையும் ஈடுகட்டுவது நம் வானம். கோள்கள் நம் ஊரில் உச்சிவட்டத்தைக் கடக்கும்போது 55 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. தனுசு ராசியில் இருக்கும் வியாழன் லண்டனில் 15 டிகிரியில் கொதிக்கும் காற்றுக்குள் தத்தளிக்கும். அதே வியாழன் திருச்சியில் 56 டிகிரியில் நிற்கும். மே மாத நடுவில் இரவு பத்து மணி சுமாருக்குத் தெற்கே திரும்புங்கள். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து 31 டிகிரி உயரத்தில் இருக்கும். நகர வெளிச்சத்துக்கு வெளியே 36 மடங்கில் பார்த்தால், ஓரங்களில் விண்மீன்கள் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். லண்டனில் அது உதிப்பதே இல்லை. ஏப்ரலில் கரீனா நெபுலா (ஒளிரும் வாயு மேகம்) 19 டிகிரிதான், தெற்கு அடிவானம் திறந்திருந்தால் அதுவும் கிடைக்கும். தெற்குப் பக்கம் இந்த மவுண்ட் எதிலும் முட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு நன்மை, பின்தொடர்தல். 90 மடங்கில் காட்சிப்புலம் அரை டிகிரிக்குச் சற்று மேல். வானம் நிமிடத்துக்குக் கால் டிகிரி நகர்வதால், கோள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். ஒற்றை அச்சு மோட்டார் மாட்டிவிட்டால், மொட்டைமாடியில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை சனி அங்கேயே இருக்கும். டாப்சோனியனில் (தரையில் வைத்த பெட்டியில் கையால் திருப்பும் எளிய மவுண்ட்) ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவே நீங்கள் குழாயைத் தள்ள வேண்டும். உச்சியருகே அதுவும் முரண்டுபிடிக்கும்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். அதே 130 மி.மீ. குழாய் டாப்சோனியன் பெட்டியில் கிடைத்தால் அதை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று எடுத்தால் 150 மடங்கு கிடைக்கும். என்னுடையதை விற்பீர்களா என்று கேட்டால், மாட்டேன்.