தன்னார்வலர் ஏன் வருகிறார்? எந்தப் படிவத்தில் கேட்கலாம்?

தன்னார்வலர்களிடம் "ஏன் வந்தீங்க?" என்று கேட்டால், "நாலு பேருக்கு உதவணும்னுதான்" என்பார்கள். உண்மைதான். ஆனால் யாருக்கு எந்த வேலை தருவது, யார் நிலைப்பார் என்று முடிவுசெய்ய அந்தப் பதில் போதாது.

இதற்கு உலகெங்கும் அதிகம் பயன்படுவது வி.எஃப்.ஐ. (Volunteer Functions Inventory) என்ற கேள்விப் படிவம். அமெரிக்க உளவியலாளர்கள் கிளேரியும் ஸ்னைடரும் சக ஆய்வாளர்களோடு 1998-ல் வெளியிட்டது. 30 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கொள்கைப் பற்று (பிறருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம்), கற்றல், நட்பு வட்டம், வேலைவாய்ப்பு, மனச்சுமையிலிருந்து விடுபடுதல், தன்மதிப்பு என ஆறு நோக்கங்கள், தலா ஐந்து வாக்கியங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று வி.எம்.ஐ. (Volunteer Motivation Inventory) என்ற படிவம். மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்மண்டும் டன்லப்பும் 2004-ல் தந்தது. 44 வாக்கியங்கள், பத்து நோக்கங்கள். நீளம்தான், ஆனால் வி.எஃப்.ஐ.யில் தனியாக இல்லாத இரண்டு இதில் உண்டு: பாராட்டு கிடைக்க வேண்டும் என்ற ஆசை, செய்த நன்மை திரும்பி வரும் என்ற நம்பிக்கை. நம் ஊர் அன்னதானப் பந்தியில் வாளி தூக்குகிறவர் "புண்ணியம்" என்று சொல்வதை இந்த இரண்டாவது தலைப்பில் ஓரளவு பதியலாம். வி.எஃப்.ஐ.யில் அது கொள்கைப் பற்றோடு கலந்துபோகும், இல்லையென்றால் விட்டே போகும். எனக்கு இது சின்ன இழப்பாகத் தெரியவில்லை.

இவற்றுக்கு முன்பே, 1991-ல், க்னானும் கோல்ட்பர்க்-க்ளென்னும் 28 காரணங்களை வைத்து ஆராய்ந்து, பொதுநலம், சுயநலம் என்று அவை பிரிவதில்லை, பெரும்பாலும் ஒன்றாகவே சேர்ந்து வருகின்றன என்றார்கள். ஆறு, பத்து என்று கூறுபோடும்போது இதை மறக்கக் கூடாது.

எந்தப் படிவமானாலும் கொள்கைப் பற்றுக்குத்தான் பொதுவாக அதிக மதிப்பெண் விழும். அப்புறம் எது இரண்டாவதாக வருகிறது என்று பார்ப்பதில்தான் பயன். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய தன்னார்வலர்களை ஒமோட்டோவும் ஸ்னைடரும் தொடர்ந்து கவனித்து 1995-ல் எழுதிய ஆய்வில், கற்றல், தன்மதிப்பு போன்ற தன்னைச் சார்ந்த காரணங்களோடு வந்தவர்களே அதிக காலம் நீடித்தார்கள். எல்லா ஆய்வுகளும் இதையே சொல்வதில்லை. ஆனாலும், "எனக்கும் ஏதாவது கிடைக்கணும்" என்பவரைக் குறைவாக எடைபோடக் கூடாது.

கல்லூரி மாணவர்கள் அதிகம் வரும் அமைப்பென்றால் வி.எஃப்.ஐ. போதும். வேலைவாய்ப்பு, கற்றல் இரண்டும் அதில் தெளிவாகப் பிரிந்து வரும். கோயில், மசூதி, தேவாலயம் சார்ந்த சேவை என்றால் வி.எம்.ஐ.யை எடுப்பேன். சேரும்போது ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை கொடுங்கள். எதுவானாலும் கடைசியில் நாலு வரி காலியாக விட்டு, "வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள்" என்று கேளுங்கள்.