ஆடிக் காற்றில் ஆபிரகாம்: ஃபிளானல் போர்டு செட்டோடு ஒரு வருஷம்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. கோவிலில், 4 வயதிலிருந்து 6 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நான்தான் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். தொழில் தையல். பதிவேட்டில் 14 பெயர் இருக்கிறது, அசனம், அதாவது கோவிலில் எல்லாருக்கும் போடுகிற பொதுச் சாப்பாடு, வருகிற வாரம் 25 பேர் வந்து நிற்பார்கள். போன வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக ஒரு கடையில் 1,150 ரூபாய் கொடுத்து, வேதாகமக் கதைகளைப் படம் ஒட்டிச் சொல்கிற இந்த ஃபிளானல் போர்டு செட்டை வாங்கினேன். வாங்கலாமா என்று பக்கத்துச் சேகரத்து (பக்கத்துச் சபைகளின்) டீச்சர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: இரண்டாக மடிக்கிற ஒரு போர்டு, விரித்தால் இரண்டடிக்கு ஒன்றரை அடி. மேலே நீல ஃபிளானல். 12 கதைகளுக்கு வெட்டிவைத்த உருவங்கள். ஒரு பாடக் குறிப்புப் புத்தகம். ஃபிளானல் துணியில் மெல்லிய முடி எழும்பி நிற்கும். உருவத்தின் முதுகிலும் அதே மாதிரித் துணி இருந்தால் முடியும் முடியும் பின்னிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். பசையும் வேண்டாம், குண்டூசியும் வேண்டாம். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எங்கள் டீச்சர் ஒரு தகரப் பெட்டியில் இதைத்தான் வைத்திருந்தார்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். உருவங்களின் முதுகில் முழுக்கத் துணி ஒட்டாமல் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் வழவழவென்ற மட்டத் துணி, முடியே இல்லை. தொட்டுப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் விடுமுறைப் பள்ளிக்கு நாலே நாள் இருந்ததால் வாங்கிவிட்டேன். மே மாதம் ஒப்பேறியது. ஜூலை மாதம் கோவில் வராந்தாவில் வகுப்பு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், ஆபிரகாம் எம்மாத்திரம்? சாராளும் ஒட்டகங்களும் வேப்பமரத்தடி வரைக்கும் போனார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் பாடம், துரத்திப் பிடித்துக்கொண்டு வருவது.

இதற்கு வழி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் ஒரு ஷீட் வாங்கி, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, சொரசொரப்பு வெளியே தெரியும்படி உருவத்தின் முதுகில் ஒட்டினேன். ஃபேன் போட்டாலும் இப்போது அசையவில்லை. போர்டில் முடி படிந்துபோனால் பழைய டூத்பிரஷ்ஷால் மேல்நோக்கித் தேய்த்தால் மறுபடியும் எழும்பிவிடும்.

சரி, இவ்வளவு பாடுபட்டும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், அந்த மீன் விஷயம்தான்.

இயேசு ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து பெரிய கூட்டத்துக்கே சாப்பாடு கொடுத்து, 12 கூடை மிச்சமும் எடுத்த கதை நாலு சுவிசேஷத்திலும் வருகிறது. ஆனால் அப்பத்தையும் மீனையும் வைத்திருந்த அந்தப் பையன் யோவான் 6ஆம் அதிகாரத்தில் மட்டும்தான் இருக்கிறான். பிள்ளைகளுக்கு அவன் முக்கியம் என்பதால் நான் யோவானைத்தான் எடுப்பேன். அன்றைக்குப் பெட்டியைத் திறந்தால் ஒரே ஒரு மீன். சமாளித்துவிடலாம் என்று ஒட்டினேன். முன்வரிசைப் பொடியன் விடவில்லை. “ரெண்டு மீன்லா டீச்சர்? ஒண்ணுதான இருக்கு?”

அவ்வளவுதான். பாயைத் தூக்கித் தேடினார்கள், பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள். கடைசியில் 4 வயதுப் பிள்ளை ஒருத்தி கவுன் பையிலிருந்து மெதுவாக எடுத்தாள். வீட்டிலிருக்கும் தம்பிக்குக் கொண்டுபோகிறாளாம். எங்கள் ஊரில் அசனச் சோறு சாப்பிட்டு முடித்தபின் வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போவோம், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள் அதே பொடியன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: “கொண்டு போட்டும் டீச்சர், அதான் 12 கூடை மிச்சம் இருக்குல்லா.”

மீன் தம்பியிடம் போய்விட்டது. நான் பிளவுஸ் வெட்டிய மிச்சத்தில் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டேன்.

கோவில் ஹாலில் டிவி இருக்கிறது, கார்ட்டூன் போட்டால் சத்தமே இருக்காது. ஆனால் முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் யானை என்பார்கள். போர்டில் யானையை ஒட்டியவன் அது பேழைக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்கிறான். நோவா கதையில் இன்னொன்று: இந்த செட்டில் புறா இருக்கிறது, காகம் இல்லை. ஆதியாகமத்தில் நோவா முதலில் அனுப்புவது காகத்தை. எங்கள் பிள்ளைகளுக்குப் புறாவைவிடக் காகம்தானே பழக்கம்? கறுப்பு லைனிங் துணியில் நானே ஒன்று வெட்டினேன். ஒட்டியதும் எல்லாரும் கா கா என்று கத்தினார்கள்.

வாங்கும்போது நான் நினைத்தே பார்க்காத இடத்தில்தான் இது அதிகம் உதவுகிறது, அதாவது ஆராதனையில். சின்னப் பிள்ளைகள் முன்னால் பாயில் உட்காருவார்கள், வேதபாடம் வாசிக்கிறபோதுதான் கிள்ளலும் சண்டையும். இயேசுவைப் பார்க்க சகேயு காட்டத்தி மரத்தில் ஏறுகிற லூக்கா 19 வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு உருவத்தைக் கொடுத்து, உன்னுடையது வரும்போது தூக்கிக் காட்டு என்றேன். காட்டத்தி மரம் வைத்திருந்தவன் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மரம் வந்துட்டு!” என்று எழுந்து நின்றுவிட்டான். எங்கள் போதகர் ஐயரும் சிரித்துவிட்டார். அப்புறம் சொல்லிவைத்தேன், தூக்கினால் போதும், சத்தம் வேண்டாம் என்று.

பாடக் குறிப்பை நம்ப வேண்டாம். ஒரு பாடத்துக்கு 40 நிமிடம் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் 4 வயதுப் பிள்ளையோடு பஸ்ஸில்கூடப் போயிருக்க மாட்டார் போல. நான் 7 நிமிடத்தில் கதையை முடித்து உருவங்களை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன், அவர்களே மறுபடி ஒட்டிச் சொல்வார்கள். அதில் கோலியாத்து சில நேரம் ஜெயித்துவிடுவான்.

15 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் இந்த போர்டு போதாது, பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. தைக்கத் தெரிந்தவர் சபையில் இருந்தால் போர்டை நீங்களே செய்யலாம், ஒரு மீட்டர் ஃபிளானலும் ஒரு கெட்டி அட்டையும் போதும். அப்படி யாரும் இல்லையென்றால் இதையே வாங்குங்கள், வரும் வழியில் உப்புத்தாளும் ஒரு ஷீட் வாங்கிவிடுங்கள்.