தேடல் பெட்டியில் என்ன அடிப்பது? டொப்ஜொப்ஸும் லிங்க்ட்இனும், யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால்

"ஜொப்ஸ் இன் ஜஃப்னா" என்று ரைப் செய்தால் நாலைந்து விற்பனை வேலைகள் வந்து விழும். அதோடு யாழ்ப்பாணத்தில் வேலையே இல்லையென்று போனை மூடிவைப்பவர்கள் கனபேர். பிழை பாதி தளத்தில், பாதி அடித்த சொல்லில்.

உள்ளூர் வேலை விளம்பரத் தளமான டொப்ஜொப்ஸில் கொம்பனிகள் பெரும்பாலும் விளம்பரத்தைப் படமாகவே ஏற்றுகின்றன. படத்துக்குள் "யாழ்ப்பாணக் கிளை" என்று கொட்டை எழுத்தில் கிடந்தாலும் தேடல் பெட்டிக்குத் தெரியாது. பதவிப் பெயரில் ஊரைச் சேர்த்திருந்தால் தப்பினீர்கள். இல்லையேல் துறைப் பட்டியலைத் திறந்து, முடிவுத் திகதியைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதுதான். அலுப்பான வேலை. கொழும்புக் கொம்பனிகளின் விளம்பரம் குவியும் இடமென்பதால் விடவும் முடியாது.

லிங்க்ட்இன் விளம்பரத்தின் உள்ளடக்கத்தையும் தேடும். அதனால் இங்கே சொல்லுக்குப் பெறுமதி உண்டு. முதலில் இடப்பெட்டியில் ஜஃப்னா போடுவதை நிறுத்துங்கள். தலைமையகம் கொழும்பிலென்றால் விளம்பரமும் கொழும்பு என்று பதிவாகியிருக்கலாம். இடத்துக்கு ஸ்ரீலங்கா, சொல்பெட்டியில் "ஜஃப்னா" அல்லது "நோர்தேர்ன் புரொவின்ஸ்". வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கு ஊர்ப்பெயரே வேண்டாம்; ரிமோட் வடிகட்டி போதும்.

அடுத்தது பதவிப் பெயர். நாங்கள் "கிளாக்" என்போம். தனியார் கொம்பனி "எக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட்" அல்லது "பினான்ஸ் எக்சிகியூட்டிவ்" என்று எழுதும். ஆங்கிலத்தில், இரண்டையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் வைத்து, நடுவில் "அல்லது" என்று பொருள்படும் "ஓர்" (OR) என்பதைப் பெரிய எழுத்தில் இடுங்கள். சிறிய எழுத்தில் இட்டால் கட்டளையாக எடுபடாது. மேற்கோள் குறியும் நேர்க்குறியாக இருக்க வேண்டும். ஐபோன் தானாகவே வளைந்த குறியைப் போடும். லிங்க்ட்இன் அதை ஏற்காது. செற்றிங்ஸில் ஜெனரல், கீபோர்ட் என்று போய் "ஸ்மார்ட் பங்சுவேஷன்" தெரிவை அணைத்துவிடுங்கள். நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவதும் இங்கே பலிக்காது.

சீனியர் வேலைகளை விலக்க "நொட் சீனியர்" (NOT senior) என்று போட்டு வடிகட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. "சீனியர் எக்கவுண்டன்ட்டின் கீழ் பணி" என்று உள்ளே ஒரு வரி இருந்தாலே உங்களுக்கேற்ற வேலையும் சேர்ந்து மறையலாம். அதைவிட ஏ.ஏ.ரி., சிமா போன்ற கணக்கியல் தகைமைச் சுருக்கத்தை அடிப்பது கெட்டித்தனம். தொண்டு நிறுவன வேலைக்கு "பீல்ட் ஒபிசர்", "புரொஜெக்ட் ஒபிசர்".

கணினியில் லிங்க்ட்இனின் 24 மணிநேர வடிகட்டியைப் போட்டதும் முகவரி வரியில் 86400 என்ற எண் தெரியும்; அது செக்கன் கணக்கு. 3600 ஆக்கினால் கடைசி ஒரு மணிநேர விளம்பரங்கள் மட்டும் நிற்கும். விண்ணப்பங்கள் குவியுமுன் அனுப்ப இது போதும்.

சொல்தேடலுக்கு லிங்க்ட்இன் ஐந்துக்கு நாலு, டொப்ஜொப்ஸ் இரண்டு. அரச வேலைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம்: வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் முதலாம் பகுதியில் விளம்பரப் பிரிவைப் பாருங்கள்.