தனியாக வாழ்பவருக்கு எந்தப் புறநகர்? ஸ்டேஷன் வாரியாக ஒரு மதிப்பீடு

புறநகர் என்பது தொடக்கத்திலிருந்தே குடும்பத்துக்காகத் தயாரிக்கப்பட்ட சரக்கு. 1910இல் ஒசாகாவை ஒட்டி ரயில் பாதை போட்ட கோபயாஷி இச்சிசோ, பாதையோரம் இகேடாவில் மனை பிரித்து, வீடு கட்டி, தவணை முறையில் விற்றார். லண்டனில் மெட்ரோபாலிட்டன் ரயில்வே 1915 முதல் தன் பாதையோர ஊர்களை ‘மெட்ரோலேண்ட்’ என்று விளம்பரம் செய்தது. 1947இல் நியூயார்க்கை அடுத்து லெவிட்டவுன் என்ற பெரிய வீட்டுக் குடியிருப்பு எழுந்தது. வாங்க வருபவர் குடும்பஸ்தர் என்பதுதான் எல்லா இடத்திலும் கணக்கு. அதனால் நல்ல பள்ளி, பெரிய தோட்டம், அமைதியான தெரு என்று அடுக்கும் வழக்கமான தரவரிசைகள் ஒண்டிக்கட்டைக்கு ஏறக்குறைய உதவாதவை.

தனி ஆளுக்கு வீட்டில் மாற்று ஆள் கிடையாது. வண்டி தாமதமானால் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப்போக யாரும் இல்லை. பார்சல் வந்தாலும், குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அவரேதான். ஒரு புறநகருக்கு மதிப்பெண் போடுமுன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து கதவு வரை எப்படிப்பட்ட நடை, நிலைமை மோசமான நாளில் பயணம் எவ்வளவு நேரம். வீட்டின் பரப்பளவு இவற்றுக்குப் பிறகுதான்.

‘நகரத்துக்கு அரை மணி’ என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் வேகமான வண்டி ஓடும் நேரம் மட்டும். கதவிலிருந்து கதவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு நடை 10 நிமிடம். 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரிக் காத்திருப்பு ஏழரை. ஓட்டம் 30. வண்டி மாற 6. இறங்கி அலுவலகத்துக்கு 8. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல். இதில் காத்திருப்பும் நடையும் உட்கார்ந்து போகும் நேரத்தைவிடக் கனமானவை. போக்குவரத்துத் திட்டமிடுவோர் அந்த நிமிடங்களை ஏறத்தாழ இரட்டிப்பாக எண்ணுவது வழக்கம். வண்டி மாறும் இடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வண்டி வரும்வரை முழு இடைவெளியும் கூடும். ஆகவே இரண்டாவது வண்டி அடிக்கடி ஓடுகிறதா என்பது முதல் வண்டியின் வேகத்தைவிட முக்கியம்.

ஜப்பானில் வீட்டு விளம்பரத்துக்கு விதி இருக்கிறது: 80 மீட்டரை ஒரு நிமிட நடையாகக் கணக்கிட வேண்டும், மிச்சம் இருந்தால் ஒரு நிமிடமாக மேலே ஏற்ற வேண்டும். எந்த நாட்டிலும் வரைபடத்தை வைத்து நீங்களே இதைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் சிக்னலில் நிற்பதும் மேடும் அந்தக் கணக்கில் சேராது. லெவல் கிராசிங் குறுக்கே இருந்தால் காலை நெரிசலில் அது எவ்வளவு நேரம் மூடிக்கிடக்கிறது என்று நின்று பார்ப்பது நல்லது.

இனி வகைகள்.

பாதையின் கடைசி ஸ்டேஷன். காலையில் உட்கார இடம் கிடைக்கும். இதன் பெரிய பலம் அதுதான். நின்றுகொண்டு நாற்பது நிமிடம் போவதும், உட்கார்ந்து ஐம்பது நிமிடம் படித்துக்கொண்டு போவதும் ஒன்றல்ல. ஜப்பானில் வண்டியின் கொள்ளளவை 100 என்று வைத்து நெரிசலைச் சதவீதத்தில் அளக்கிறார்கள். நெடுங்காலம் அதற்குத் தந்த விளக்கம் இது: 150 என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம், 180 என்றால் மடித்துத்தான் படிக்க முடியும், 200 என்றால் உடம்போடு உடம்பு நசுங்கும். நடு ஸ்டேஷனில் ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைப்பது அரிது. வாடகையும் இங்கே குறைவு. ஆனால் மாலைப் பயணத்தில் இந்தச் சலுகை இல்லை. இரவில் ஒரு பொறியும் உண்டு: கடைசி வண்டிகள் பல, பாதை முடியும்வரை வராமல் பணிமனை இருக்கும் ஸ்டேஷனோடு நின்றுவிடும். பணிமனை உங்கள் ஊரிலேயே இருந்தால் எதிர்மாறு. அதிகாலை முதல் வண்டியும் நள்ளிரவு கடைசி வண்டியும் உங்களுக்குத்தான். இந்த ஒரு விவரத்தை வீட்டுத் தரகர் யாரும் சொல்லமாட்டார், கால அட்டவணை சொல்லும். வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு இது சரியான தேர்வு. தினமும் போகிறவருக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

விரைவு வண்டி நிற்கும் சந்திப்பு. இரண்டு பாதைகள் சேருமிடம் என்றால் ஒன்று நின்றுபோனாலும் இன்னொன்றில் வீடு சேரலாம். ஸ்டேஷனைச் சுற்றி இரவு வரை கடைகள், மாலையிலும் திறந்திருக்கும் மருத்துவர், பார்சல் லாக்கர் எல்லாம் இருக்கும். ஒற்றை அறை வீடுகள் கணிசமாகக் கட்டப்படுவதும் இங்கேதான்; உள்ளே தள்ளிப்போனால் மூன்று படுக்கையறை வீட்டின் வாடகையைத் தனியாகச் சுமக்க வேண்டிவரும். குறை இரண்டு: வாடகை, சத்தம். உலகச் சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் ரயில் இரைச்சல் இரவில் சராசரி 44 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சந்திப்பை ஒட்டிய வீடுகளில் இது எளிதில் மீறப்படும். பயணிகள் வண்டி ஓய்ந்த பிறகு சரக்கு வண்டி ஓடும் பாதையா என்று கேளுங்கள். வளைவிலும் தண்டவாளம் பிரியும் இடத்திலும் சக்கரம் கிறீச்சிடும். பிளாட்பார அறிவிப்பு ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் தூக்கத்தைத் தீர்மானிக்கும்.

சந்திப்புக்கு அடுத்த சின்ன ஸ்டேஷன். என் முதல் தேர்வு இதுதான். சாதா வண்டி மட்டும் நிற்கும், அதனாலேயே வாடகை இறங்கும். ஆனால் சந்திப்பிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான் என்றால் இருபது இருபத்தைந்து நிமிட நடை, சைக்கிளில் எட்டு நிமிடம். சாதா வண்டி நின்றுபோன இரவில் சந்திப்பில் இறங்கி வந்துவிடலாம். சந்திப்பின் கடைகளும் மருத்துவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், இரைச்சல் மட்டும் வராது. மண்டலம் பிரித்துக் கட்டணம் வாங்கும் நகரங்களில் மண்டல எல்லை எங்கே விழுகிறது என்று பாருங்கள். எல்லைக்கு நகரப் பக்கமுள்ள ஸ்டேஷனில் வீடு கிடைத்தால் பாஸ் செலவு மாதாமாதம் குறையும். எல்லா இரண்டு கிலோமீட்டரும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம்: நடுவே நெடுஞ்சாலையோ ஆறோ குறுக்கிட்டால் வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது காலுக்கு எட்டாது.

ஸ்டேஷனிலிருந்து பேருந்தை நம்பும் குடியிருப்பு. கடைசிப் பேருந்து கடைசி வண்டிக்கு முன்பே கிளம்பிவிடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கிளம்பிவிடும். அப்படியானால் உங்கள் கடைசி வண்டி உண்மையில் அந்தக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவிடும் முந்தைய வண்டிதான். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற பேருந்துகள் நெரிசலில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். அப்போது நீண்ட இடைவெளியில் மாட்டுகிறவர்களே அதிகம் என்பதால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டும். மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் சைக்கிள் காப்பாற்றும், பன்னிரண்டு நிமிடம் போதும். ஆனால் ஸ்டேஷன் சைக்கிள் நிறுத்தத்தில் காலை எட்டரைக்கு இடம் இருக்கிறதா, கூரை உண்டா, காத்திருப்போர் பட்டியல் உண்டா என்று முன்பே விசாரிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் கார் வாங்க வேண்டிவந்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது போயே போச்சு. காப்பீடு, நிறுத்துமிடம், பழுது எதையும் பங்குபோட ஆளில்லை.

‘ஸ்டேஷன் வரப்போகிறது’ என்று விற்கப்படும் புதிய அடுக்குமாடி. வேண்டாம். வாடகைக்கு இருப்பவர் இன்றைய கால அட்டவணைக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

தொலைவில் போனால் வாடகை மிச்சம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒரு வழிக்கு 25 நிமிடம் கூடுதல், மாதம் 22 வேலை நாள் என்றால் 1,100 நிமிடம், அதாவது 18 மணி 20 நிமிடம். வாடகை மிச்சத்திலிருந்து கூடுதல் பயணக் கட்டணத்தைக் கழித்து, மீதியைப் பதினெட்டால் வகுங்கள். வருவது உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்களே வைக்கும் விலை. 2008இல் ஸ்டட்ஸர், ஃப்ரே என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மன் தரவுகளைக் கொண்டு காட்டியதும் இதையே: நீண்ட பயணம் செய்பவர்களின் மனநிறைவு குறைவாக இருந்தது, சம்பளமோ வீடோ அந்த இழப்பை ஈடுகட்டவில்லை.

மாதப் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருளல்ல. பாஸ் விலையை ஒற்றைப் பயணக் கட்டணத்தால் வகுத்தால் எத்தனை பயணத்தில் அது கட்டுப்படியாகும் என்று தெரியும். வாரம் ஐந்து நாள் போனால் மாதம் சுமார் 43 பயணம். மூன்று நாள் என்றால் 26தான். முப்பது பயணத்தின் விலையில் விற்கும் பாஸ் முதலாமவருக்கு லாபம், மற்றவருக்கு நஷ்டம். ஆனால் தனியாக இருப்பவர் நண்பர்களைப் பார்க்கச் சனி ஞாயிறும் நகரத்துக்குள் போவார். அந்தப் பயணங்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஒப்பந்தம் போடுமுன் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். வேலை நாள் காலை நெரிசலில் ஒருமுறை: எத்தனை வண்டிகளை விட்டுவிட்டு ஏற முடிகிறது என்று பார்க்க. இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை, ஸ்டேஷனிலிருந்து வீட்டு வாசல் வரை நடந்து. விளக்கு எரிகிறதா, வழியில் திறந்த கடையோ ஆள் நடமாட்டமோ உண்டா, சுரங்கப்பாதையைத் தவிர்த்து வேறு வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது வாசல் இரவில் பூட்டப்படும் ஸ்டேஷன்கள் உண்டு; உங்கள் வீடு அந்தப் பக்கம் என்றால் ஐந்து நிமிட நடை பதினைந்தாகும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை மாலை. தண்டவாளப் பராமரிப்பை வார இறுதியில்தான் பெரும்பாலும் வைப்பார்கள். வண்டிக்குப் பதில் பேருந்து விடும் அறிவிப்புகள் கடந்த சில மாதங்களில் எத்தனை முறை வந்தன என்று ரயில் நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தில் தேடலாம். ஒரே பாதையை நம்பியிருக்கும் ஊரில் அது அடிக்கடி என்றால், அடுத்த ஊரைப் பாருங்கள்.