பணமில்லாப் போக்கர் டோர்னமெண்டில் சிப் கைமாற்றம்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பகுதிகளைச் சேர்ந்தவர்களும், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஆடும் ஒரு சிறிய போக்கர் குழுவில் பல ஆண்டுகளாக முதலில் ஆட்டக்காரனாகவும், பின்னர் டோர்னமெண்டுகளை நடத்துபவனாகவும் இருந்து வருகிறேன். தனியார் குழுக்களுக்கென்று விற்கப்படும் ஒரு மென்பொருளை வாடகை சர்வரில் நிறுவி ஆடுகிறோம். நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் கிடையாது. முதல் ஒன்பது இடங்களுக்குப் புள்ளிகள் உண்டு, ஆண்டு முடிவில் புள்ளிப் பட்டியலின் முதலிடம் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்த பிறகு, அத்தகைய தளங்களில் பழகிய சிலரும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். பணம் இல்லாத இடத்தில் ஏமாற்று எதற்கு வரப்போகிறது என்று பலரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், பணம் இல்லாத இடத்தில்தான் சிப் கைமாற்றம் மிக எளிதாக நடக்கிறது.

சிப் கைமாற்றம், அதாவது சிப் டம்பிங், என்பது ஓர் ஆட்டக்காரர் தன் சிப்புகளை, அதாவது பந்தயம் வைக்கும் வில்லைகளை, வேண்டுமென்றே இன்னொருவரிடம் தோற்பது. டோர்னமெண்டில் இதன் கேடு மற்ற ஆட்டங்களைவிடப் பெரியது. எல்லோரும் ஒரே அளவு சிப்புகளுடன் தொடங்குகிறார்கள். பிளைண்டு (ஒவ்வொரு சுற்றிலும் இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய தொடக்கப் பந்தயங்கள்) ஏற ஏறச் சிறிய அடுக்கு, அதாவது குறைந்த சிப்பு, வைத்திருப்பவர் நசுங்குகிறார். அந்த நேரத்தில் ஒருவருக்கு மட்டும் இரண்டு மடங்கு சிப்பு இலவசமாகக் கிடைத்தால், அந்த மேசையில் உள்ள அத்தனை பேரின் வாய்ப்பும் குறைகிறது. பணமில்லாத ஆட்டத்தில் தோற்றுக் கொடுத்தவருக்கு இழப்பு இல்லை. ஒன்றும் அறியாத மற்றவர்களே அதைச் சுமக்கிறார்கள்.

எங்கள் குழுவில் இதற்குக் கதவு திறந்து வைத்தது ரீபை, அதாவது சிப்பு இழந்தவர் மறுபடி சிப்பு எடுக்கும் வசதிதான். கட்டணம் உள்ள டோர்னமெண்டில் மறுபடி சிப்பு வாங்க மறுபடி பணம் கட்ட வேண்டும். ஆகவே தோற்றுக் கொடுப்பவருக்கு ஒரு செலவு இருக்கிறது. கட்டணமே இல்லாத எங்கள் ஆட்டத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ரீபை செய்யலாம் என்று முன்பு வைத்திருந்தார்கள். தன் 10,000 சிப்பையும் நண்பரிடம் கொட்டிவிட்டு, அடுத்த நொடியே இன்னொரு 10,000 எடுத்துக்கொள்ளலாம். இதைப் புரிந்துகொண்ட இருவர் கூட்டுச் சேர்ந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்களில் ஒருவர் மேசையை விலைக்கு வாங்கிவிடுவார்.

ஒரு கையை (சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்றை) மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அதில் தெளிவாகத் தெரியும். பிளைண்டு 300, 600. ரீபை நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. 15,000 சிப்பு வைத்திருந்தவர் 1,500க்கு ரெய்ஸ் செய்தார் (பந்தயத்தை உயர்த்தினார்). பெரிய பிளைண்டில் இருந்தவர் மட்டும் கால் செய்தார் (அதற்கு ஈடாக வைத்தார்). ஃபிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) கிளாவர் கிங், டைமன் ஏழு, ஆட்டின் இரண்டு. முதலாமவர் 3,000 பந்தயம் வைத்தார், இரண்டாமவர் கால் செய்தார். அடுத்து இஸ்பேடு நான்கு விழுந்தது. முதலாமவர் 9,000 வைத்தார். அவரிடம் மீதம் இருந்தது 1,500 மட்டும். இரண்டாமவர் ஆல்-இன் போனார் (இருந்த சிப்பு முழுவதையும் வைத்தார்). முதலாமவர் ஃபோல்டு செய்துவிட்டார் (சீட்டைக் கைவிட்டார்). மேசையில் அவருக்கு எதிரே 28,800 சிப்பு கிடக்கிறது. அதைப் பார்க்க அவர் போட வேண்டியது 1,500தான். நூற்றுக்கு ஐந்து முறை வென்றாலே போதும். சர்வர் பதிவில் அவர் கையைத் திறந்து பார்த்தபோது ஆட்டின் ஏஸும் இஸ்பேடு கிங்கும் இருந்தன. எதிராளியிடம் ஒன்பதும் எட்டும். ஒரு ஜோடிகூட இல்லை. ஃபோல்டு செய்தவர் கை ஆறுவதற்குள் ரீபை எடுத்துக்கொண்டார்.

இந்த ஒரு கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கரண்ட் போவதும் நெட் அறுந்துபோவதும் புதிதல்ல. நேரம் முடிந்தால் மென்பொருள் தானாகவே ஃபோல்டு செய்துவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஃபோல்டு ஆட்டக்காரர் பொத்தானை அழுத்திச் செய்ததா, நேரம் முடிந்து விழுந்ததா என்பதை. மேற்சொன்ன கையில் இரண்டு நொடிக்குள் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது. பிறகு அந்த இருவரும் ஒரே மேசையில் அமர்ந்த முந்தைய கைகளை எல்லாம் எடுத்துப் படித்தேன். மற்றவர்களிடம் சிப்பு போகும்போது இறுக்கமாக ஆடுபவர், இந்த ஒருவரிடம் மட்டும், அதுவும் ரீபை நேரத்தின் கடைசிப் பகுதியில் மட்டும், திரும்பத் திரும்பப் பெரிய பானையை (மேசையில் சேர்ந்த பந்தயச் சிப்பை) விட்டுக்கொடுத்திருந்தார். அந்த வரிசைதான் சான்று.

இதற்கு மாறாக, எளிதில் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் பொய்யானவை. மென்பொருளில் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்ணிலிருந்து) இருவர் நுழைவதைத் தடுக்கும் ஒரு வசதி உண்டு. விற்பவர்கள் அதைப் பெரிய பாதுகாப்பாகச் சொல்கிறார்கள். எங்கள் குழுவுக்கு அது பயன்படாததோடு நிற்கவில்லை, அநியாயமாகவும் அமைந்தது. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உள்ளூர் கேபிள் இணைப்புகளிலும் இதே கதைதான். திங்கள்சந்தையில் இருப்பவரும் குளச்சலில் இருப்பவரும் ஒருவரையொருவர் பார்த்திராமலே ஒரே முகவரியில் தெரியக்கூடும். வளைகுடாவில் ஒரே கேம்ப் அறையில் தங்கி ஒரே வைஃபையைப் பயன்படுத்துகிறவர்களின் நிலை இன்னும் மோசம்; வாரம் முழுவதும் உழைத்து விடுமுறை இரவில் ஆட வந்தவரை, அறை நண்பர் முன்பே நுழைந்துவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக மென்பொருள் வெளியே நிறுத்துகிறது. அதே வேளையில், உண்மையிலேயே கூட்டுச் சேர நினைப்பவர் ஒரு போனில் வீட்டு வைஃபையும் இன்னொரு போனில் மொபைல் டேட்டாவும் வைத்து அந்தத் தடையை நொடியில் தாண்டிவிடுகிறார். அந்த வசதியை அணைத்துவிட்டோம். முகவரிப் பதிவை மட்டும் வைத்திருக்கிறோம். கைகளைப் படித்து முடித்த பிறகு துணைக்குப் பார்ப்பதற்காக.

சிப் கைமாற்றத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, ஒருவரையொருவர் அடிக்காமல் விடுவது. நம் பகுதியில் சீட்டு என்றால் பலருக்கும் முதலில் கைவந்தது இருபத்தெட்டு. அதில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கூட்டாளி. அவருக்குத் துணை நிற்பதுதான் நல்ல ஆட்டம். போக்கரில் ஒவ்வொருவரும் தனி ஆள். இதை நன்றாகத் தெரிந்தவர்கூட, பைனல் டேபிளை (கடைசி ஒன்பது பேரின் மேசையை) நெருங்கும் நேரத்தில் சொந்தக்காரர் சிறிய அடுக்கோடு தவிக்கும்போது கையை இழுத்துக்கொள்கிறார். அப்படி ஒருவரிடம் கேட்டபோது, "அண்ணே, அவன் எனக்க மச்சான். அவன அடிச்சு வெளிய தள்ள மனசு வரல்ல" என்று மறைக்காமல் சொன்னார். இதில் திட்டமிட்ட வஞ்சகம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் மச்சான் தப்பிப் பிழைத்ததால் பத்தாவதாக வெளியேறி ஒரு புள்ளியும் பெறாமல் போனவருக்கு நேர்ந்தது அதே இழப்புத்தான். ஆகவே முதல் முறைக்கு எச்சரிக்கையும், இருவரும் ஒரே டோர்னமெண்டில் பதிய வேண்டுமானால் உறவை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதியும் வைத்தோம். சொல்லிவிட்டு ஆடுபவர்களின் கைகளை மற்றவர்களும் கவனிக்கிறார்கள் என்பதால், இந்தச் சிறிய விதி எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது.

பெரிய தளங்களும் போட்டிகளும் இத்தகைய ஏமாற்றுச் சிக்கல்களை வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. 2007இல் போக்கர்ஸ்டார்ஸ் தளம் நடத்திய இணையப் போக்கர் உலகத் தொடரின் முதன்மை டோர்னமெண்டில் வென்ற கணக்கு, விதிமீறல் விசாரணைக்குப் பிறகு தகுதிநீக்கம் செய்யப்பட்டது. கீழே இருந்தவர்கள் ஒவ்வோர் இடமாக மேலே நகர்த்தப்பட்டார்கள். அதே ஆண்டு அப்சல்யூட் போக்கர் தளத்தில் ஒரு கணக்கு பிறர் சீட்டுகளைப் பார்த்து ஆடியது அம்பலமானதற்கு, ஆட்டக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிய ஹேண்ட் ஹிஸ்டரி (கைகளின் பதிவு) கோப்பே காரணம். 2025 ஜூனில் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் மில்லியனர் மேக்கர் ஆட்டத்தில், கடைசி இருவருக்குள் சிப் கைமாற்றம் நடந்ததாகச் சந்தேகம் எழுந்தது. இருவரில் ஒருவர் வென்றால் மட்டும் வெளியிலிருந்து பத்து இலட்சம் டாலர் ஊக்கத்தொகை கிடைக்கும் நிலை இருந்தது. நடத்தியவர்கள் யாரையும் வெற்றியாளராக அறிவிக்காமல், வெற்றியாளருக்குரிய வளையலும் கொடுக்காமல், மீதிப் பரிசை இருவருக்கும் சமமாகப் பிரித்தார்கள். இவற்றுள் எனக்கு ஏற்புடையது 2007 போக்கர்ஸ்டார்ஸ் முடிவுதான். பாதிக்கப்பட்டவருக்கு உரியதைத் திரும்பக் கொடுத்த தீர்ப்பு அது.

அந்த ஏஸ்-கிங் விவகாரத்திலும் அதையே செய்தோம். ஆட்டத்தின் நடுவே யாரையும் நிறுத்தவில்லை. சந்தேகத்தில் ஒருவரை எழுப்பிவிட்டால் அவர் சிப்பு மேசையில் செத்துப்போய் அதுவே வேறு சிலருக்கு ஆதாயமாகிவிடும். ஆட்டம் முடிந்ததும் புள்ளிகளை நிறுத்திவைத்தோம். இருவரையும் தனித்தனியாக அழைத்து, கைகளின் பதிவை முன்னே வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லும்படி கேட்டோம். தோற்றுக் கொடுத்தவர் ஒத்துக்கொண்டார், மற்றவர் கடைசி வரை மறுத்தார். அவர்களை அறியாத, வேறு ஊர்க்காரர்களான இரண்டு ஆட்டக்காரர்கள் பெயர் மறைத்த பதிவைப் படித்து ஒரே முடிவுக்கு வந்த பிறகே இருவரின் புள்ளிகளையும் நீக்கினோம். பின்னால் இருந்தவர்களை மேலே ஏற்றினோம். முடிவைக் குழுவில் அறிவித்தபோது கையை வெளியிட்டோம், பெயரை வெளியிடவில்லை. சிறிய ஊர், மறுநாள் வடசேரிச் சந்தையிலோ கோயில் கொடையிலோ முகம் பார்க்க வேண்டியவர்கள்.

தண்டனையைவிட அதிகப் பலன் கொடுத்தது அமைப்பை மாற்றியதுதான். வரம்பில்லாத ரீபையை அடியோடு எடுத்துவிட்டோம். தாமதமாகப் பதியும் நேரத்தைக் குறைத்தோம். வெளியேறியவர் வேறு கணக்கில் திரும்பி வருவது அதோடு குறைந்தது. புதுக் கணக்கு வேண்டுமென்றால் குழுவில் உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இடங்களை மென்பொருளே குலுக்கிப் போடுகிறது. 27 பேர் மூன்று மேசையில் அமர்ந்தால், கூட்டுச் சேர்ந்த இருவர் தொடக்கத்தில் ஒரே மேசைக்கு வர 26க்கு 8 வாய்ப்புத்தான். ஒன்பது பேர் மட்டும் வரும் நாளில் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், அத்தகைய ஆட்டங்களுக்குப் புள்ளியைப் பாதியாக்கிவிட்டோம்.

மென்பொருளைப் பற்றிய என் மதிப்பீடு இதுதான்: ஒவ்வொரு கையையும் நொடிக் கணக்கோடு பதிந்து வைப்பதில் அது சிறப்பானது, அதற்காகவே தாராளமாக வாங்கலாம். குறை, அந்தப் பதிவை வெறும் எழுத்துக் கோப்பாகக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது. எந்த இருவருக்கிடையே எவ்வளவு சிப்பு, எந்தத் திசையில், ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் நகர்ந்தது என்று ஓர் அட்டவணை அது தானாகக் கொடுத்திருந்தால், நான் இரவு முழுக்க உட்கார்ந்து படித்தவை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போதைக்கு எங்கள் குழுவில் கணினி படித்த தம்பி ஒருவர் கோப்பைப் பிரித்து அந்த அட்டவணையைத் தயாரிக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார். ஒவ்வொரு டோர்னமெண்டுக்குப் பிறகும், யாரும் புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அதை ஓட்டிப் பார்த்த பின்பே புள்ளிகளை அறிவிக்கிறோம்.